அப்பா இருமிக்கொண்டிருந்த வரை

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஊதா நிறத்தில் தூடோங், தலையை மூடும் முக்காடு, அணிந்திருந்தாள். நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அப்பாவைக் கட்டிலின் ஓரமாக உட்காரவைத்து, மடியில் ஒரு தலையணையைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். முதுகின் மேல் ஒரு துண்டை விரித்தாள்.

"கையைக் கிண்ணம் மாதிரி குவிச்சுக்குங்க அக்கா. தட்டையா வச்சா வலிக்கும்" என்றாள் மலாயில்.

தன் கையைக் குவித்துத் தட்டிக் காட்டினாள். காலி மைலோ டின்னைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"முதுகெலும்பு மேல வேண்டாம். இடுப்புக் கிட்டயும் வேண்டாம். ரெண்டு பக்கமும் மெதுவா. உள்ள ஒட்டிக்கிட்டிருக்கிற சளி கழண்டு வரணும். அதுக்குத்தான்."

பிறகு என் வலது கையைப் பிடித்து, அவள் கை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

அப்பாவின் உடம்பை நான் தொட்டு இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. துண்டைத் தாண்டிச் சூடு வந்தது. என் நினைவில் இருந்தது அகலமான முதுகு. என் கைக்குக் கீழே இருந்ததோ வெறும் விலா எலும்புகள். நான் தட்டத் தொடங்கினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னும் அந்தப் பெண்தான் தட்டுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் அவள் காகிதக் குவளையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். அப்பா கண்ணைத் திறந்து அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். என் உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகு கட்டைபோல இறுகியது.

"அங்கிள், இது உங்க மகளா?" என்று அவள் சிரித்தபடி கேட்டாள்.

அப்பா இருமினார். தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, கண் சிவக்க, முகம் கறுக்க, நெடுநேரம் இருமினார். பதில் அந்த இருமலோடு போயிற்று. சளி வந்ததும் அந்தப் பெண் சந்தோஷப்பட்டு, தான் கேட்ட கேள்வியை மறந்துவிட்டாள்.

கனைப்புச் சத்தம்

இந்தத் தொடரில் அம்மாவைப் பற்றி எழுதினேன். நான் வேலை பார்த்த டயர் கடையைப் பற்றியும் எழுதினேன். அப்பாவைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று தங்காக்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால், அப்பா எங்களோடு பேசியது குறைவு. எழுதுவதற்கு வார்த்தை வேண்டுமே.

அவர் லாபிசுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். செம்பனைக் கொட்டையின் ஓடும் நாரும்தான் அங்கே விறகு. ஆயுசில் பாதியை அந்தப் புகைக்கும் சூட்டுக்கும் முன்னால் நின்று கழித்தார். வேலை முடிந்து வரும்போது வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு தடவை தொண்டையைக் கனைப்பார். அவ்வளவுதான். ரேடியோ நின்றுவிடும். தம்பி சேகர் நாற்காலியிலிருந்து காலைக் கீழே போடுவான். அம்மா அடுப்பைப் பற்றவைப்பார்.

அவர் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அடிக்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. ஒரு கனைப்பிலேயே வீடு ஒழுங்காகிவிடும்.

கூலாயில் டயர் கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, அங்கே சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் லியோங். சீனர். எங்களுக்குள் பிடித்துப்போய், கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவானதும், பயப்படாமல் அவரே லாபிசுக்கு வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, மலாயில், மரியாதையாகத்தான் பேசினார்.

அப்பா கத்தவில்லை. முழுவதையும் கேட்டார். கனைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றோடு என்னிடம் பேசுவதை விட்டுவிட்டார். சாபம் இல்லை. 'இனி என் மகள் இல்லை' என்ற வசனம் எதுவும் இல்லை. குழாயைத் திருகி மூடுவதுபோல் மூடிவிட்டார்.

அம்மா மட்டும் மளிகைக்கடைப் போனிலிருந்து பேசுவார். "சாப்பிட்டியா, சுகமா இருக்கியா" என்று இரண்டு வார்த்தை. பின்னால் யாராவது கனைத்தால் சட்டென்று வைத்துவிடுவார். அம்மா இறந்த செய்தியைச் சேகர்தான் சொன்னான். நானும் லியோங்கும் போனோம். லியோங் வெளியே கூடாரத்துக்குக் கீழே நின்றார். நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைத் தாண்டி இரண்டு முறை போனார். நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல் போனார்.

சேகரின் போன்

பெருந்தொற்றுக் காலம் முடிந்து, ஜனங்கள் முகக்கவசத்தைக் கழற்றி மறந்தும் போயிருந்த சமயம். மழை விடாமல் பெய்த ஒரு மாதத்தில் சேகர் கூப்பிட்டான்.

"கா, அப்பாவுக்கு நெஞ்சுல சளி கட்டி நிமோனியா ஆயிடுச்சு. ஆஸ்பத்திரில சேத்திருக்கு."

"எப்படி இருக்காரு?"

"காய்ச்சல் விட்டுடுச்சு. வீட்டுக்கு அனுப்புறாங்களாம். ஆனா இருமல் நிக்கல கா. பேச முடியல, படுக்க முடியல. டாக்டரக் கேட்டா அது போக வாரக்கணக்கா ஆகும்றாரு. தனியா விட முடியாது லா."

சேகரும் அவன் மனைவி விமலாவும் ஜொகூர் பாருவில் இருக்கிறார்கள். இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. பொழுது விடிவதற்குள் எல்லைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வரவும் அப்பா சம்மதிக்கவில்லை.

"வேற யாரையும் கேக்க முடியல கா."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவர்கிட்ட கேக்கல."

லியோங் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் எழுந்துபோய் அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கித் துடைத்தார். அப்படித்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஊதாத் தூடோங் பெண் என் கையைப் பிடித்தாள்.

மின்விசிறியோடு பேச்சு

அப்பாவின் வீடு தாமானில், அந்தக் குடியிருப்பின் கடைசி வரிசை. பின்புறம் வேலி, வேலிக்கு அப்பால் யாரோ ஒருவருடைய செம்பனைத் தோட்டம். ரயில் போகும் சத்தம் கேட்கும்.

அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் இருந்தால் அந்த ஆள் மூலமாகப் பேசலாம். யாரும் இல்லாததால் அப்பா மின்விசிறியைப் பார்த்துப் பேசினார்.

"தண்ணி தீந்துபோச்சு."

"சன்னல சாத்தணும்."

'நீ' என்ற சொல் வராமல் தமிழில் எவ்வளவு பேசலாம் என்று அந்த வீட்டில்தான் தெரிந்துகொண்டேன். நானும் "தண்ணி வச்சிருக்கு", "கஞ்சி ஆறிக்கிட்டு இருக்கு" என்று பொதுவாகச் சொல்லப் பழகினேன்.

மற்ற நேரமெல்லாம் இருமல்தான். அதை எப்படிச் சொல்வது? கனைப்பிலிருந்து தொடங்கும். தொண்டையில் ஏதோ மயிர் சிக்கியதுபோல் ஒரு சின்ன அரிப்பு. அவர் அதை அடக்கப் பார்ப்பார். உதட்டை இறுக்குவார். பிறகு நெஞ்சு அவர் பேச்சைக் கேட்காது. ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு வாங்க இடம் விடாமல், கட்டில் ஆட ஆட இருமுவார். முடிந்ததும் கண்ணோரம் நீர் வடிய, வாயைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்பதுபோல் சுவரைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்ததை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். மல்லாந்து படுக்கக்கூடாது என்று தலைமாட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தாற்போல் படுக்கவைத்தேன். வெந்நீரை ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு, அரிப்பு தொடங்கும்போதே ஒரு மடக்கு கொடுத்தேன். பாதி நேரம் அதிலேயே அடங்கிவிடும். அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை. படுக்கப்போகும் முன் ஒரு கரண்டி தேன் கொடுத்தேன். பேசினில் ஆவி பறக்கும் நீர் வைத்து, தலையில் துண்டைப் போட்டு மூச்சு இழுக்கச் சொன்னேன். கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டாம், கை நடுங்கும் ஆள் கொட்டிக்கொள்வார் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தாள். கொசுவத்தியை நிறுத்தினேன். சாமி படத்துக்கு முன்னால் ஊதுவத்தியையும் நிறுத்தினேன். சிகரெட்டை அவரே நிறுத்தியிருந்தார். மூச்சு இருந்தால்தானே இழுக்க.

மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் பிடித்து, பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் 'ஹா' என்று விட வேண்டும். வீணாக இருமாமல் சளியை மேலே கொண்டுவர அது ஒரு வழி. அதைச் செய்ய அப்பாவுக்கு வெட்கம். நான் எதிரே உட்கார்ந்து 'ஹா' என்பேன். அவர் மின்விசிறியைப் பார்த்து 'ஹா' என்பார்.

பிறகு முதுகு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நான் துண்டை எடுத்தால் எழுந்து உட்கார்ந்து திரும்பிக்கொள்வார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பது எங்கள் இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. தட்டும்போது சில சமயம் அவர் தலை மெல்லச் சாயும். அப்படியே கொஞ்சம் தூங்கிப்போவார். நான் நிறுத்தமாட்டேன். கை வலித்தாலும் நிறுத்தமாட்டேன்.

அந்த நேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

பேரிக்காய்

ஞாயிறுதோறும் லியோங் கூலாயிலிருந்து காரில் வருவார். வீட்டுக்கு வரமாட்டார். பெரிய ரோட்டுக் கடை வரிசையில் காப்பிக்கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போன் பண்ணுவார். நான் நடந்துபோய்ப் பார்ப்பேன்.

"சுடா மாக்கான்?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று. பிறகு ஒரு ஃபிளாஸ்கை நீட்டுவார். பேரிக்காயைக் குடைந்து கற்கண்டு போட்டு ஆவியில் வேகவைத்தது. வறட்டு இருமலுக்கு அவர் அம்மா செய்வதாம். என் மாமியார் இறந்து நாளாகிவிட்டது. கடையில் டயர்களோடு மல்லுக்கட்டிய அந்தக் கையால் பழத்தைக் குடைந்து, ஒவ்வொரு வாரமும் அவரே செய்து கொண்டுவந்தார்.

"என்கிட்டேருந்துன்னு சொல்லாத. குடிக்க மாட்டாரு" என்பார்.

சொல்லவில்லை. அப்பா அதை விரும்பிச் சாப்பிட்டார். கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். அது தொண்டைக்கு இதமாக இருந்ததா, இனிப்பு என்பதாலா என்று தெரியாது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இருமல் வராது. ஒருமுறை, "நல்லாருக்கு" என்று மின்விசிறியிடம் சொன்னார்.

பக்கத்து வீட்டு ராமாயி அக்கா நல்ல மனுஷி. கற்பூரவள்ளி இலை கொண்டுவந்து தருவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கும் சுபாவம். ஒரு ஞாயிறு மாலை, அப்பா கையில் கிண்ணம் இருக்கும்போது வந்தார்.

"என்னண்ணே, இப்ப தேவலையா? ஒங்க மருமகன் கடைப் பக்கம் கார்ல ஒக்காந்திருந்தாரே. சரசு கையில ஃபிளாஸ்க் குடுத்தாரு. வாராவாரம் வர்றாரு போல. பாவம், உள்ள கூப்பிடக்கூடாதா?"

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். பாதி இருந்தது. அதைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. சத்தம் வராமல்தான் வைத்தார். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ராமாயி அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அலமாக், அடடா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் லியோங் ஃபிளாஸ்கை நீட்டியபோது வாங்கிக்கொண்டேன். அதைக் கடை வரிசைக்குப் பின்னால் நின்று நானே சாப்பிட்டேன். அவரிடம் வேறு என்ன சொல்வது?

புகை

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், வேலிக்கு அப்பால் யாரோ காய்ந்த மட்டைகளைக் குவித்துத் தீ வைத்துவிட்டார்கள். சன்னலைச் சாத்துவதற்குள் புகை உள்ளே வந்துவிட்டது.

அப்படி ஓர் இருமலை நான் பார்த்ததில்லை. அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார். முகம் நீலம் பாய்ந்ததுபோல் ஆனது. ஒரு கணம் கண் செருகி என்மேல் சாய்ந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று கத்தினேன். அவர் கை என் கையைப் பிடித்தது.

"விடாத" என்றார். "விட்றாத."

மின்விசிறியிடம் சொல்லவில்லை.

துண்டில் துப்பியபோது சளியோடு ஒரு நூல்போல இரத்தம். இரத்தம் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ராமாயி அக்காவின் மகன் காரை எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காசநோயா, புற்றா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியை வாங்கிக்கொண்டார்கள். இருவருக்கும் முகக்கவசம் கொடுத்து, ஆள் வராத ஒரு வராந்தாவின் கடைசியில் உட்காரவைத்தார்கள்.

நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே வெறும் சுவர். அப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இது புற்றாக இருந்தால் என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார். இல்லாவிட்டால் அதைச் சொல்லியிருக்கமாட்டார்.

"ஒங்கம்மா" என்றார். நிறுத்தினார். "ஒங்கம்மா கடைசில ஒன்னத்தான் கேட்டா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கேட்டாங்களா? எப்ப?"

"ஆஸ்பத்திரில. நெனவு இருந்தப்ப. சரசு வந்துட்டாளா, சரசு வந்துட்டாளான்னு."

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததே எனக்குத் தெரியாது. எனக்கு வந்த செய்தி, அம்மா இல்லை என்ற செய்திதான். திடீரென்று போய்விட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன்பா எனக்குச் சொல்லல? சேகராவது சொல்லியிருக்கலாமே."

"அவன்கிட்ட நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"ஏன்?"

அப்பா வாயைத் திறந்தார். இருமல் வந்துவிட்டது.

குனிந்துகொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். அது நிஜமான இருமலா, பதிலுக்குப் பதிலாக வந்த இருமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். கையைத் தூக்கினேன். துண்டு இல்லை. மெல்லிய சட்டைக்குள் அந்த எலும்புகள் தெரிந்தன.

முதல் அடி தட்டையாக விழுந்தது.

ஒரே ஒரு தடவை. வராந்தாவில் அந்தச் சத்தம் எதிரொலித்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நகர்த்தவும் இல்லை. அடுத்த அடிக்குக் காத்திருப்பதுபோல் அப்படியே குனிந்திருந்தார்.

நான் கையைக் குவித்துக்கொண்டேன். மெதுவாகத் தட்டினேன். முகக்கவசத்துக்குள் என் மூக்கும் வாயும் நனைந்துவிட்டன. இருமல் அடங்கும்வரை தட்டினேன்.

தேறிவந்தது

காசநோய் இல்லை. புற்றும் இல்லை. இருமி இருமித் தொண்டையில் ஒரு சின்ன இரத்தக்குழாய் கிழிந்ததால் வந்த இரத்தம் என்றார் டாக்டர். தமிழர்தான், இளைஞர்.

"தொற்று போயிடுச்சு அம்மா. ஆனா அது உள்ள புண்ணாக்கிட்டுப் போயிருக்கு. அதனால சின்னப் புகை, குளிர்காத்து எது பட்டாலும் இருமல் வருது. இதுக்கு மறுபடி ஆன்டிபயாட்டிக் குடுத்துப் பிரயோசனம் இல்ல. நாளாகணும். நீங்க செய்றதையே செய்ங்க. நல்லாத்தான் பாத்துக்கிறீங்க."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதுபோல்தான் நடந்தது. இருமல் ஒரேயடியாக நிற்கவில்லை. மழைநீர் வடிவதுபோல் வடிந்தது. முதலில் தூக்கம் வந்தது. பிறகு டிவியில் செய்தி முடியும்வரை இருமாமல் உட்கார முடிந்தது. தலையணை ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒருநாள் காலை அவர் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காப்பிக்கடைக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தார். வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் கனைத்தார். நான் அடுப்படியில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் போனை அமர்த்தினேன்.

அவர் தேறத் தேற என்னிடம் சொல்லும் வார்த்தைகளும் குறைந்தன. தண்ணீரைத் தானே எடுத்துக்கொண்டார். சன்னலைத் தானே சாத்தினார். மின்விசிறிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. வராந்தாவில் அவர் சொன்னதைப் பற்றி நான் இரண்டு மூன்று தடவை பேச்செடுக்கப் பார்த்தேன். "அம்மா எந்த வார்டுல இருந்தாங்க?" என்று கேட்டேன். அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். இருமலும் வரவில்லை. அது தேவைப்படவில்லை.

ஒரு மாலை துண்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் திரும்பி உட்காரவில்லை.

"வேணாம்" என்றார்.

துண்டை மடித்துக் கொடியில் போட்டேன்.

கடைசி எக்ஸ்ரேயைப் பார்க்கச் சேகர் லீவு போட்டுவிட்டு வந்தான். நெஞ்சு சுத்தமாக இருந்தது. சேகருக்கு வாயெல்லாம் பல். வழியில் கோழி வாங்கி, நான் சமைத்து, மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த மேசையில் அப்பாவோடு சேர்ந்து சாப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அப்பா சேகரிடம் சொன்னார்:

"அவ வீட்டுக்குப் போகட்டும்."

சேகர் என்னைப் பார்த்தான். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே பா."

"எதுக்கு?"

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே வைத்துவிட்டு அவர் எதிரே போய் நின்றேன். இவ்வளவு நாளும் பொதுவாகப் பேசியே பழகியிருந்த நாக்கு, கொஞ்சம் தடுமாறியது.

"அப்பா, நான் ஞாயித்துக்கிழமையில வந்து ஒங்களப் பாத்துட்டுப் போறேனே. தனியா வர்றேன். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நேராகத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உண்மையிலேயே விளங்காதவர்போல் கேட்டார்.

"எதுக்கு? அதான் இருமல் நின்னுடுச்சே."

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். நான் தட்டுகளைக் கழுவினேன். பெட்டியில் துணியை வைத்தேன். தேன் போத்தலில் பாதி மீதி இருந்தது. அதை அலமாரியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தேன். கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்பா" என்றேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

சேகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை வரிசை வரை வந்தான். காரணம் சொல்லாமல் போனில் வரச் சொல்லியிருந்தேன்; லியோங் காருக்கு வெளியே நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"நல்லாயிட்டாரு."

"நல்லது" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். கூலாய் வரும்வரை இரண்டு பக்கமும் செம்பனைதான். அவர் ரேடியோ போடவில்லை. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செய்ய ஒன்றும் இல்லாமல் அவை கனத்தன.

இது நடந்து ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று தொடங்கிவிட்டது. அப்பா இருக்கிறார். காப்பிக்கடைக்குப் போகிறார், வருகிறார். நான் போன் பண்ணினால் எடுப்பதில்லை. சேகர் லாபிசுக்குப் போகும்போது அங்கிருந்து என்னைக் கூப்பிடுவான். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும்.

சேகர் ஏதேதோ பேசுவான். பிள்ளைகளின் படிப்பு, பாலத்தில் நெரிசல், விமலாவின் முட்டிவலி. நான் 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். என் காது அவன் பேச்சில் இருக்காது. அவன் குரலுக்குப் பின்னால், அந்த அறையில், ஒரே ஒரு இருமல் கேட்கிறதா என்று காத்திருப்பேன்.

மகள் இப்படிக் காத்திருக்கக் கூடாது. தெரியும். ஆனாலும் போனை வைக்கும்வரை காத்திருப்பேன்.

அவர் இருமுவதில்லை.